கூம்புக்குள் ஒரு மச்சினன்

இந்தப் புயல் பருவத்தில் என் மச்சினனை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. என் வீட்டில் நான் துணிந்து முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. மச்சினன் என் மனைவிக்கு ஒரே தம்பி. முகத்துவாரத்தில், கடல் எட்டிப்பார்க்கிற தூரத்தில், படகு எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புயலுக்கு மூன்று நாள் தங்க வந்தான். கூடவே ஏழு எஞ்சின்கள் வந்தன. புயல் மூன்றாம் நாள் போய்விட்டது. இவன் போக ஐந்து மாதம் ஆனது. சாப்பாட்டு மேசையில் ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். இன்னொன்று என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. என் தலையணை உறைகூட டீசல் மணத்தது. அலுவலகத்தில் என் எதிரில் யாரும் தீக்குச்சி உரசுவதில்லை.

நான் வேலை பார்ப்பது வானிலை நிலையத்தில், புயல் கண்காணிப்புப் பிரிவில். சூடேறிய கடலுக்கு மேல் காற்று சுழலத் தொடங்கியதிலிருந்து அது கரையேறி ஓயும்வரை விடாமல் பின்தொடர வேண்டும். அரை மணிக்கொரு செயற்கைக்கோள் படம். மூன்று மணிக்கொரு புள்ளி. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் புயல் வந்த வழி தெரியும். போகப்போகிற வழி தெரியாது. அதற்குத்தான் கூம்பு வரைகிறோம். இன்றைக்கு இருக்கிற இடத்தில் கூர்மையாகத் தொடங்கி, நாளைக்குக் கொஞ்சம், மறுநாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று வாயைப் பிளந்துகொண்டே போகும். அந்தக் கூம்புக்குள் புயல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதை அளந்து போடுகிற படம் அது.

என் மனைவி தொலைக்காட்சியில் செய்தி பார்க்கமாட்டாள். "வீட்லயே ஒரு வானிலை நிலையத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன், வெளியில எதுக்குக் கேக்கணும்?" என்பாள். கூடத்துச் சுவரில் தொங்குகிற காலண்டரில் பென்சிலால் கூம்பு வரைந்து காட்டுவேன். அவள் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் திட்டம் போட்டேன்.

பருவத்தின் முதல் மூன்று சுழற்சிகள் நடுக்கடலிலேயே கரைந்துபோயின. நாலாவது ஒரு திங்கட்கிழமை உருவானது. தொலைவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. ஒரு மேகக் குவியல், அவ்வளவுதான். ஆனால் கடல் வெந்நீராகக் கிடந்தது. மேலே அதைக் கலைக்கக் காற்று இல்லை. இது வளரும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எங்க வருது?" என்றாள் மனைவி.

"வரல. வடக்க திரும்பிடும்."

"எவ்ளோ வடக்க?"

"ரொம்ப."

"தம்பிய வரச் சொல்லவா?"

"எதுக்கு? பாவம், அவனுக்கு அங்க வேலை இருக்கும்."

"நீங்க அவனைப் பாவம்னு சொல்லி இப்பதான் கேக்கறேன்."

காலண்டரில் கூம்பு வரைந்தேன். முகத்துவாரம் அதற்குக் கட்டைவிரல் அகலம் வெளியே நின்றது. அன்று காலை அலுவலகத்தில் நான் வரைந்த கூம்பில் முகத்துவாரம் உள்ளே இருந்தது. அறிக்கையில் நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. அது உத்தியோகம். இது குடும்பம்.

செவ்வாய்க்கிழமை அது தாழ்வு மண்டலமானது. எங்கள் தெரு பள்ளம். சாதாரண மழைக்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். காலையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் மேட்டுத்தெரு அச்சகத்தின் மாடிப்படிக்கு அடியில் விட்டுவிட்டு வந்தேன்.

"வண்டி எங்க?"

"பஞ்சர். கடையில விட்டிருக்கேன்."

"ஓ," என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை அது புயலாகிவிட்டது. பட்டியலில் காத்திருந்த அடுத்த பெயரை வைத்தார்கள். ஏதோ ஒரு பூவின் பெயர். மத்தியானம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க. நான் கிளம்பி வந்துரட்டுமா?"

பின்னால் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் இருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குக் கட்டிலுக்குக் கீழே கிடந்த எஞ்சின் ஞாபகம் வந்தது.

"கூண்டு சும்மா ஒரு சம்பிரதாயம், மாப்ள. வடக்க போயிடும். நீ உன் வேலையப் பாரு."

"நீங்க சொன்னா சரி மாமா," என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். அன்று முழுக்க அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. ஆனாலும் நான் திரும்பக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிப் படத்தில் புயலுக்குக் கண் திறந்திருந்தது. வட்டமாக, சுத்தமாக, கறுப்பாக. கண் திறந்துவிட்டால் அதற்குப் பலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு மணிக்குப் புள்ளி வைத்தேன். கோடு மேற்கே வளைந்தது. நானே தப்பாக வைத்துவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே இடத்தில்தான் விழுந்தது.

ரேடாரில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். எந்தப் புயலுக்கும் குரலை உயர்த்தாதவர்.

"சார், முகத்துவாரம்தான். சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கரையைக் கடக்கும். கடல் மட்டம் ரெண்டு ஆள் உயரம் ஏறும்."

நான் மச்சினனைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஏழு முறை. எட்டாவது முறை எண்ணைத் தப்பாக அழுத்தி யாரோ ஒரு பல் வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மேசையை ரேடார்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலக ஜீப்பில் கிளம்பினேன். வழியெல்லாம் ஆட்கள் மூட்டையோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போனது என் ஜீப் ஒன்றுதான். பட்டறைத் தெருவில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. உப்புத் தண்ணீர். பட்டறையின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டு வெளியே இருக்கிறதா என்று தண்ணீருக்குள் துழாவினேன். அலை என்னைத் தூக்கி ஷட்டர்மேல் அடித்தது.

"மாப்ள... டேய் மாப்ள..."

உள்ளே ஏதோ டம் டம்மென்று மோதியது. எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு போலீஸ்காரர் என்னைச் சட்டையோடு பிடித்து இழுத்தார்.

"உள்ள ஆள் இருக்கான் சார்."

"அது பெஞ்ச் மிதக்குது. மத்தியானமே ஒவ்வொரு கடையா தட்டிப் பாத்தாச்சு. உள்ளயிருந்து சத்தமே இல்ல."

மச்சினன் ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன். தட்டினால் எழவே மாட்டான். அதைச் சொல்வதற்குள் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தவர்களின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அவன் பெயர் இல்லை.

நான் அழுதேன். ஒரு கட்டிலடி எஞ்சினுக்காக ஓர் ஆளைக் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. "நீங்க சொன்னா சரி மாமா" என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டையிலிருந்து கடல் சொட்டியது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"புயல் வடக்க போகும்னு சொன்னது பொய்."

"ம்."

"கூம்பை மாத்தி வரைஞ்சேன்."

"ம்."

"அவன் கிளம்பி வரட்டுமானு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். அவன்... அங்க போய்ப் பாத்தேன்... ஷட்டர்..."

அவள் ஒரு சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அதில் டீசல் கறை இருந்தது. அது என் சட்டை இல்லை.

"டேய், இறங்கி வாடா. உங்க மாமா முழுசா சொல்லிட்டாரு," என்றாள் மாடியைப் பார்த்து.

மாடியில் குடியிருப்பவர் ஒரு தையற்காரம்மா. அந்தப் படிக்கட்டிலிருந்து மச்சினன் இறங்கி வந்தான். கையில் ஸ்பானர். புதன்கிழமை நான் போனில் கேட்டது தையல் மெஷின்.

நான் எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டேன். அவனும் கட்டிக்கொண்டான். டீசல் வாசனை அவ்வளவு இனிமையாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

"எப்ப வந்தே?"

"செவ்வாக்கிழமை மத்தியானம் மாமா. அக்காதான் வண்டி அனுப்பிச்சா. போனை அணைச்சு வைக்கச் சொன்னதும் அவதான்."

நான் மனைவியைப் பார்த்தேன். "உனக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்துல பாதிப் பேரு அது வடக்க போகும்னாங்க."

"பத்து வருஷத்துல நம்ம ஸ்கூட்டர் நாலு தடவை பஞ்சராகி மேட்டுத்தெருவுக்குப் போச்சு. நாலு தடவையும் புயல் இங்கதான் வந்துச்சு. செவ்வாக்கிழமை காலைல அஞ்சாவது தடவை பஞ்சராச்சு."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவள் கணக்கு சரியாக இருந்தது.

"அப்புறமும் மனசு கேக்காம, புதன்கிழமை அவனை விட்டு உங்களுக்கு ஒரு போன் போடச் சொன்னேன். வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுவுமே தெரியாத மாதிரி இருந்திருப்பேன்." கையிலிருந்த துணியை மடிக்காமலே கீழே வைத்தாள். "ஸ்கூட்டருக்குக் குடுத்த இடத்தை என் தம்பிக்குக் குடுக்கலியே நீங்க."



புயல் ஏழு மணிக்குக் கரையைக் கடந்தது. பட்டறையின் கூரையைக் கொண்டுபோனது. மறுநாள் காலைக்குள் வலுவிழந்து, வெறும் மழையாகிப் போயே போய்விட்டது. நான் கூடத்துக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஓர் எஞ்சின் பிரிந்து கிடந்தது. கட்டிலுக்குக் கீழே இரண்டு இருந்ததைக் குனிந்து பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

நல்ல மனநிலையில் இருக்கிறாளா என்று பார்த்து, மெதுவாகக் கேட்டேன்.

"பட்டறைக்குக் கூரை போடற வரைக்கும்தானே? எத்தனை நாள் இருப்பான்?"

மனைவி என் பென்சிலை எடுத்தாள். காலண்டரில் வெள்ளிக்கிழமைமேல் ஒரு புள்ளி வைத்தாள். அதிலிருந்து இரண்டு கோடு இழுத்தாள். எனக்குப் பழக்கமான கூம்புதான். நாளாக ஆக அகலமாகிக்கொண்டே போனது.

"இதுக்குள்ள எப்ப வேணாலும் போவான்," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் காலண்டரைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தன.