எல்லாத் திட்டத்துக்கும் ஒரே பயனாளி

கொல்லிமலைக்கு வந்த அரசாங்கத் திட்டங்கள் அத்தனைக்கும் முகம் ஒன்றே ஒன்றுதான். தேனீ வளர்ப்பா, அவர்தான். பலாச்சுளை உலர்த்துவதா, அவர்தான். எந்த அதிகாரி மலையேறி வந்து "இதனால் பயன் பெற்றவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டாலும், நாங்கள் கூப்பிட்டு நிறுத்தியது அந்த ஒரு மனிதரைத்தான். பஸ் கண்டக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை, மலைமேல் பஸ் வந்து நிற்கும் சோளக்காடு என்ற ஊரில் எல்லோரும் அவரைப் 'பயனாளி' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் இருந்தது. அதை நானே இரண்டு முறை தப்பாக எழுதியிருக்கிறேன்.

நான் அப்போது சோளக்காட்டில் ஒரு வளர்ச்சித் திட்ட ஆபீசில் ஒப்பந்த ஊழியன். வருகிற அதிகாரிகளுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவதும், அவர்கள் போன பிறகு அறிக்கை எழுதுவதும் வேலை. காலையில் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஏறுவேன், சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவேன். அந்தச் சாயங்கால பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பயனாளியின் ஊர் ஆலத்தூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு குக்கிராமம். ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், பாதி வழியில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். மிளகு மூட்டையும் தோளில்தான் வரும், நோயாளியும் தோளில்தான் வருவார். அதிகாரிகள் அவ்வளவு தூரம் நடப்பார்களா? அதனால் பயனாளியே தேனீப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு சோளக்காட்டுக்கு வந்துவிடுவார். ஆபீசுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு, பல வருடமாக அங்கேயே குடியிருப்பவர் மாதிரி பக்கத்தில் நிற்பார்.

முதல் தடவையே மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். பெட்டியில் ஒரு தேனீகூட இல்லை. கொடுத்த மாதமே எல்லாம் பறந்துவிட்டன. அதிகாரி மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். பயனாளி பதறாமல் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். மத்தியானத்துல கண்ணசருமுங்க. எழுப்பிவுட்டா கோவம் வந்துரும்."

மீதி ஆய்வு முழுவதையும் அதிகாரி கிசுகிசுப்பாகவே முடித்தார். போகும்போது கார் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அடுத்து, புத்தாக்க நிதியில் ஒரு சூரிய உலர்த்தி ஆபீஸ் வாசலில் வந்து இறங்கியது. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய பெட்டி. பலாச்சுளையை உள்ளே அடுக்கினால் வெயிலில் காய்ந்துவிடுமாம். வருடத்தில் பாதி நாள் எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் பனி மூடுகிற ஊருக்கு இதைக் கண்டுபிடித்துக் கொடுத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பயனாளி தன் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் சுளையைக் காயவைத்துக் கொண்டுவந்து உள்ளே அடுக்குவார். ஒரு தடவை அதிகாரி கதவைத் திறந்தால், டீக்கடைக்காரரின் கோழி நான்கு குஞ்சுகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தது.

"இது ரெண்டுக்கும் ஆவுமுங்க சார். வெயில் அடிச்சாக் காய வெக்கும், பனி எறங்குனாக் குஞ்சு பொரிக்குமுங்க."

அதிகாரி 'பல்நோக்கு' என்று குறித்துக்கொண்டார். அடுத்த வருடம் பல்நோக்கு உலர்த்தி என்ற பெயரில் இன்னும் இரண்டு வந்து இறங்கின.

அப்புறம் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு புது வணிக வளாகம். வளைவு வைத்தார்கள், தரையெல்லாம் டைல்ஸ் பதித்தார்கள், செல்ஃபி எடுக்க ஒரு மேடையும் கட்டினார்கள். கூரை அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். திறப்பு விழாவில் மழை. வியாபாரிகள் சார்பில் பயனாளியைத்தான் பேசவிட்டோம். "முன்னாடி சேத்துல நின்னு நனைஞ்சமுங்க. இப்ப டைல்ஸ் மேல நின்னு நனையறமுங்க. பெரிய முன்னேத்தமுங்க" என்றார். குடைக்கடியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் முகத்தில் கிண்டலின் சாயல்கூட இல்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "ஏண்ணா, இத்தனை பொய் எதுக்கு? உங்களுக்கு என்ன கிடைக்குது?"

"எனக்கென்னங்க சாமி கெடைக்குது? இத்தன பேரு வாராங்க. ஒருத்தராச்சும் எம் பேச்சுல மயங்கி, 'வாய்யா, உன் ஊரப் பாக்கலாம்'னு சொல்ல மாட்டாங்களா? சொன்னா ஜீப்பு போவோணும். ஜீப்பு போவோணும்னா ரோடு போட்டுத்தான ஆவோணும்."

அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது ரோடு ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட தூண்டில்.

ஒரே ஒரு தடவை மீன் சிக்கியது. இளவயதில் ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பயனாளி பேசியதைக் கேட்டுவிட்டு, "உங்க ஊருக்கே போய்ப் பார்க்கலாமே" என்று எழுந்துவிட்டார். பயனாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். மணி மூன்று. போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். என் ஐந்து மணி பஸ் மனக்கண்ணில் வந்து நின்றது.

"மேடம், வழியெல்லாம் அட்டை கடிக்கும்" என்றேன்.

அது பங்குனி மாதம். மருந்துக்குக்கூட ஒரு அட்டை இருக்காது. அது எனக்கும் தெரியும், பயனாளிக்கும் தெரியும். அந்த அம்மா தன் செருப்பைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். பயனாளி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

கண்ணால் பார்க்காத அந்த ஊரைப் பற்றி அறிக்கை எழுதியவனும் நான்தான். தேனீ, உலர்த்தி, வணிக வளாகம் என்று அடுக்கி, 'தன்னிறைவு அடைந்த சிற்றூர்' என்று முடித்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அடுத்தவன் குடியைக் கெடுக்க நன்றாக உதவும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பின்தங்கிய ஊர்களுக்கு முதலில் ரோடு என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் அவர் ஊர் இல்லை. என் அறிக்கையைப் பார்த்துத்தான் நீக்கியிருந்தார்கள். அதை நானே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"அவ்வளவு சௌரியமாவா இருக்கறனுங்க நானு?" என்று சிரித்தார்.

ஐப்பசி மழையில் அவர் மனைவிக்குத் திடீரென்று வயிற்றுவலி கண்டது. போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிவந்தார்கள். ஓடையில் வெள்ளம். அது வடியும்வரை ஊர்ப் பக்கக் கரையில் காத்திருந்தார்கள். அக்கரைக்கு அப்பால் ரோட்டில் ஆம்புலன்ஸ் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. மத்தியானம் ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை, அந்த அம்மாள் போய்விட்டார்.

நான் துக்கத்துக்குப் போனேன். ஆறு வருடத்தில் அந்த ஊருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. "வாங்க சாமி. நீங்களாச்சும் வந்தீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. தலைவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். எங்கள் மேலதிகாரி வழக்கம்போல் பயனாளிக்குச் சொல்லி அனுப்பினார். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், வெறும் கையோடு.

திட்டங்களால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றம் என்று தலைவர் கேட்டார்.

"எங்கூட்டுக்காரி செத்துப்போயிட்டாளுங்க. ரோடு இருந்திருந்தா இருந்திருப்பா. தேனீ கெடையாதுங்க, அந்தப் பெட்டியில ஒண்ணும் காயாதுங்க. நாஞ் சொன்னதெல்லாம் பொய்யுங்க. ரோடு மட்டும் குடுங்க."

மேலதிகாரி என் முழங்கையைக் கிள்ளினார். "நன்றி சொல்றாருன்னு சொல்லுய்யா." பயனாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இங்கிலீஷ் சுமார்தான். இருந்ததை வைத்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த ஊரைப் பார்க்காமலே அறிக்கை எழுதியவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் எழுதிக்கொண்டார். அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் பயனாளி போன் செய்தார்.

"சாமி, ரோடு ஓடை வரைக்கும் வந்திருக்குதுங்க. பாலத்துக்கு நிதி இல்லீன்னு நிறுத்திப்போட்டாங்க."

"இப்ப என்ன பண்றதுண்ணா?"

"பாதி ரோட்டுக்கு அவ போய்ச் சேந்தா. மீதிப் பாதிக்கு நானும் போய்ச் சேரோணுமாட்டம் இருக்குதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ரோடு வேண்டும். எனக்கு அவர் இருக்க வேண்டும்.