ஆர்லன் மாட்டிய கொக்கி

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஆர்லனின் கையோடு இன்னொரு போல்ட்டும் தலை தனியாக உடைந்து வந்தது. துருப்பிடித்த போல்ட்டுக்கு முதலில் எண்ணெய் விட வேண்டும். பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும். ஆர்லன் முதலில் ஸ்பேனரைப் போட்டார். உடைந்த பிறகு எண்ணெய் விட்டார்.

ஆனாலும் அவருடைய உற்சாகத்துக்குக் குறைவில்லை. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை இரவுக்குள், பனியில் துளையிட்டு மீன் பிடிப்பதற்காக உறைந்த ஏரியின் மேல் நிற்கும் குடில்கள் எல்லாம் கரையேறிவிட வேண்டும் என்பது மின்னசோட்டாவின் சட்டம். அதற்குப் பின் பனி யாரையும் தாங்குவதாக உறுதி அளிப்பதில்லை. அவருடைய சக்கரம் வைத்த சிவப்புக் குடில் இன்னும் ஏரியின் நடுவில் நிற்கிறது. அதைத் தாமே இழுத்துவருவதற்காக, நான்கு சக்கரமும் உழைக்கும் தம் பழைய வண்டிக்குப் பின்னால் ஓர் இழுவைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

அபராதத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அவரை வாட்டியது மைத்துனன். சென்ற ஆண்டு குடிலை இழுத்துக் கரைசேர்த்தவன் மனைவி மார்லிஸின் தம்பி வெர்லின். அதை அவன் எங்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சர்ச் விருந்து ஒவ்வொன்றிலும், நாலு பேர் காதில் விழும்படி, "குடில் பத்திரமா இருக்கா மச்சான்?" என்று கனிவாக விசாரித்தான். அந்த ஆண்டு முழுவதும் ஆர்லனுக்கு விருந்துச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த ஆண்டும், புதன்கிழமை விருந்தில், தானே இழுத்துவிடட்டுமா என்று வெர்லின் கேட்டான். ஆர்லன் வேண்டாம் என்றார். மறுபடியும் கேட்டான், மறுபடியும் வேண்டாம் என்றார். அந்த ஊரில் முதல் மறுப்பும் இரண்டாம் மறுப்பும் மரியாதைக்காகச் சொல்லப்படுபவை. மூன்றாவதே உண்மையான மறுப்பு. மூன்றாம் முறை கேட்பதற்குள், காபிப் பானையைத் தூக்க யாரோ வெர்லினைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்லிஸ் சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"வேலை எவ்வளவு தூரம் ஆச்சு?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"கொக்கி இன்னும் பெட்டிக்குள்ளயே இருக்கே, ஆர்லன்."

"அது ஒண்ணுதான் பாக்கி."

கொக்கியைப் பிடித்துப் பார்த்தபோது, அடியில் தொங்கிய ஸ்டெப்னி இடித்தது. ஸ்டெப்னியைக் கழற்றிப் பின் இருக்கையில் ஏற்றினார். பிறகு சைலன்சர் இடித்தது. சைலன்சரின் பிடியைத் தளர்த்திக் கம்பியால் ஓரமாகக் கட்டினார். அது கட்டிய இடத்திலேயே இரண்டாக உடைந்துபோனது. அளந்த பிறகு துளையிடுவதே முறை. ஆர்லன் துளையிட்ட பிறகு அளந்தார். துளை ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது. அதை அகலப்படுத்தப் புகுந்த டிரில், சேசிஸுக்குள் ஓடிய வயர்க் கட்டைத் தொட்டு, வெட்டி, மறுபக்கம் வெளியே வந்தது.

வயர்களை நிறம் பார்த்து இணைக்கலாம் என்று நினைத்தார். பல குளிர்காலத்துச் சேறு பூசி, எல்லா வயர்களும் ஒரே நிறத்தில் இருந்தன.

அந்த நேரம் பார்த்து வெர்லின் வந்தான், கையில் டோனட் பொட்டலத்துடன். ஏதோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்தான். தரையில் பரவிக் கிடந்தவற்றையும், அவற்றின் நடுவே முகமெல்லாம் கிரீஸும் சிரிப்புமாக எழுந்து நின்ற ஆர்லனையும் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

"கொக்கி போடுறீங்களா மச்சான்?"

"ஆமா. இந்த வருசம் நானே இழுக்கப் போறேன். யாரும் கை வைக்க வேண்டாம்."

வெர்லின் குனிந்து வயர்களைப் பார்த்தான். "ம்... அப்படியும் பண்ணலாம்," என்றான்.

ஒருவர் செய்வதைத் தவறு என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. 'அப்படியும் பண்ணலாம்' என்பதே அவ்வூரின் மிகக் கடுமையான கண்டனம். ஆர்லன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வெர்லின் சமையலறைக்குள் போய் மார்லிஸிடம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினான். பிறகு டோனட்டைத் தொடாமலே அவசரமாகக் கிளம்பிப்போனான்.

மாலைக்குள் கொக்கி ஏறிவிட்டது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது. இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடியது. நிற்காமலும் திரும்பாமலும் ஓட்டினால் இவை குறைகளே அல்ல என்று முடிவுசெய்து, பாதிச் சைலன்சருடன் ஊரையே அதிரவைத்துக்கொண்டு ஏரிக்குப் போனார்.

கரையோரப் பனியின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வண்டி இறங்கியதும் அடியில் எங்கோ ஒரு நீண்ட விரிசல் பாடிக்கொண்டு ஓடியது. ஆர்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஹாரன் அடிக்கும்.

ஏரியின் நடுவில் ஒரே ஒரு சிவப்புக் குடில் மிஞ்சியிருந்தது. அவருடைய குடிலும் வெர்லினுடையதும், வெர்லின் வீட்டுக் களஞ்சியத்துக்கு அடித்த ஒரே வாளிப் பெயின்ட்டில் மிஞ்சியதைக் கொண்டு பூசப்பட்டவை. அருகருகே நிற்பவை. வழக்கம்போல் வெர்லின் தன்னுடையதை முன்னாலேயே கொண்டுபோய்விட்டான் என்று எண்ணிக்கொண்டார். உரிமையாளரின் பெயர் எழுதிய சுவர்மேல் ஈரப்பனி அப்பியிருந்தது. அதைத் துடைக்க அவருக்குப் பொறுமை இல்லை.

குடிலின் முன்னால் நீண்டிருந்த இழுவைத் தண்டு கொக்கிமேல் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் முரண்டு பிடிக்கும் சக்கரங்கள் இம்முறை வெண்ணெய்போல் உருண்டன. எல்லாம் கொக்கியின் மகிமை என்று பூரித்துப்போனார்.

கரையில் வெர்லின் நின்றிருந்தான். அவனைக் கடக்கும்போது ஆர்லன் வேண்டுமென்றே பிரேக்கைத் தொட்டார். ஹாரன் வெற்றி முழக்கம் செய்தது. வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.

"ரொம்ப நன்றி மச்சான்," என்றான்.

நன்றி எதற்கு என்று ஆர்லனுக்கு விளங்கவில்லை. தோற்றவனுக்கு நாக்குக் குழறுவது இயல்பே என்று இரக்கப்பட்டுக் கையசைத்தார். இனி வரும் விருந்துகளில் தாம் விசாரிக்கப்போகும் தொனியை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் மார்லிஸ் காபியுடன் காத்திருந்தாள். ஆர்லன் இறங்கி, குடிலின் சுவரில் பெருமையுடன் ஒரு தட்டுத் தட்டினார். அப்பியிருந்த பனி பொத்தென்று விழுந்தது. மார்லிஸ் சுவரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், காபியை முதலில் அவர் கையில் கொடுத்தாள்.

"நம்ம குடில் வியாழக்கிழமையிலேருந்து வெர்லின் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னாடி நிக்குது, நீ ரெண்டு தடவதானே வேண்டாம்னு சொன்ன, இன்னிக்கு நீ இவ்வளவு ஆசையா கொக்கி மாட்டுறதப் பாத்துட்டு, மச்சானுக்கு இழுக்க ஒண்ணு வேணுமேன்னு அவன் தன்னோடத ஏரியிலயே விட்டு வச்சான்."