அய்யய்யோ அக்காவும் கோட்டுக்காரனும்

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சினேன். இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி. வானம் மூடியிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டேன். கீரனூரிலிருந்து திருச்சி போகும் ஏழரை மணி பஸ்ஸில் என் வழக்கமான இருக்கையில், அதாவது அய்யய்யோ அக்காவுக்கு நேர் பின்னால், உட்கார்ந்தேன்.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பேயைப் படித்துச் சிரித்து, காதலைப் படித்து அலறிய ஒரே வாசகி அய்யய்யோ அக்காதான். மாநிலத்திலேயே என்று சொல்லத்தான் ஆசை. சரிபார்க்காமல் எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. வண்டி கிளம்பியதும் கைப்பேசியை எடுப்பார், கண்ணாடியை மாட்டுவார், எழுத்தைப் பெரிதாக்குவார். பின்னால் இருக்கும் நானே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக வரும் தொடர்கதைகள்தான் அவருக்கு உணவு. ஒரு நாள் திகில், ஒரு நாள் காதல். அந்தக் காதலும் சாதாரணக் காதல் அல்ல. நாயகியைத் தூக்கிக்கொண்டு போய் பங்களாவில் அடைத்து வைக்கும் காதல். மனதுக்குள் படிக்கும் வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. நாயகி ஒரு கதவைத் தொட்டால் போதும், “அய்யய்யோ! தொறக்காதடி!” என்று வண்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். ஒருமுறை ஓட்டுநர் பிரேக் போட்டே விட்டார். கண்டக்டர் ஓடி வந்து, “என்னக்கா, யாரும் விழுந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் விழுகல. அடுத்த எபிசோடுல விழுந்துருவா. கூறு கெட்டவ, அவன் குடுத்த செயின வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டா.”

அன்றிலிருந்து வண்டிக்கே கதை பழகிவிட்டது. படிக்க நேரமில்லாதவர்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொடரின் நாயகன் பெரிய தொழிலதிபர். தூங்கும்போதும் கோட்டைக் கழற்றுவதாக ஆசிரியை எழுதவில்லை. எனவே அவன் பெயர் மறந்து எங்களுக்குக் கோட்டுக்காரன் ஆனான். அக்காவின் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்டெல்லா டீச்சர், ஆவூர்க்காரர், கோட்டுக்காரனின் கட்சி.

“அவன் பாசத்துலதான அடைச்சு வச்சிருக்கான். கடைசியில திருந்திருவான் பாருங்க” என்பார் டீச்சர்.

“அவன் திருந்துற வரைக்கும் அவ எங்கிட்டு டீச்சர் குளிக்கிறது? பாத்ரூமுக்கே தாப்பா இல்லையாம்.”

இந்த மாதிரிக் கேள்விகளை அக்கா தொடருக்குக் கீழே கருத்தாகவும் எழுதினார். மற்ற வாசகிகள் ‘மாமா செம’ என்று இதயம் இதயமாக விட்டிருக்கும் இடத்தில், ‘இவனைப் பிடித்து உள்ளே போடாமல் போலீஸ் என்ன செய்கிறது?’ என்று அக்காவின் கருத்து நிற்கும். ஆசிரியை அவரைத் தடுத்துவிட்டார். அக்கா வேறு பெயரில் வந்தார். அதையும் தடுத்தார். அடுத்த பெயரில் கோட்டுக்காரனைப் புகழ்ந்து ஒரு வரி எழுதி நல்ல பிள்ளையாக உள்ளே நுழைந்து, மறுநாளே, ‘நாயகியின் அம்மா அப்பா எங்கே? பெற்றவர்கள் காணவில்லை என்று ஒரு புகாராவது கொடுத்தார்களா?’ என்று ஆரம்பித்தார்.

பேய்க்கதை என்றால் நிலைமை தலைகீழ். டீச்சர் சிலுவை போட்டுக்கொள்வார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

“பாவம் டீச்சர் அது. நாப்பது வருசமா ஒரே கெணத்துல கெடக்கு. ஒரு டிரான்ஸ்பர் உண்டா, புரமோசன் உண்டா?”

“பேய்னா ஒங்களுக்குப் பயமே இல்லையாக்கா?” என்று கண்டக்டர் ஒரு நாள் கேட்டார்.

“இல்ல தம்பி. எம்புருசன் வேலைக்குப் போறப்ப வீட்ட வெளியில பூட்டிக்கிட்டுப் போவாரு. பாசம்னு எங்கம்மாவே சொல்லுச்சு. ஒரு நாளு சாரப்பாம்பு ஒண்ணு உள்ள வந்துருச்சு. மேசை மேல ஏறிச் சாயங்காலம் வரைக்கும் நின்னேன். பாம்பு மத்தியானமே சன்னல் வழியாப் போயிருச்சு. எனக்குத்தான் வழி இல்ல.”

வண்டி மொத்தமும் சிரித்தது. அக்கா சொன்ன விதம் அப்படி. சிரித்து முடித்த பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

இந்த நிலையில்தான் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். அக்காவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து கதை கேட்பாள். அக்கா அலறும்போது இவளும் சேர்ந்து அலறுவாள். அக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுப்பார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புதுக்கோட்டையில் சொந்தமாகத் தொழில், கார், குணம் எல்லாம் உண்டு என்றார்கள். கார் இருந்தது உண்மை.

மாப்பிள்ளை தினமும் வண்டி கிளம்பியதும் வீடியோவில் கூப்பிடுவார். முதலில் நலம் விசாரித்தார். பிறகு, பக்கத்தில் யார் என்று கேட்டார். பிறகு, கைப்பேசியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். நிவேதா எழுந்து நின்று கோயில் தீபாராதனை காட்டுவதுபோல் வண்டியைச் சுற்றிக் காட்டுவாள். எங்கள் வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையசைத்தார்கள். “மாப்பிள்ள, வணக்கம்! சாப்பிட்டீகளா?” என்றார்கள். ஒரு பெரியவர் தலை சீவிக்கொண்டு காத்திருப்பார். கண்டக்டர் விசில் ஊதி மரியாதை செய்வார். ஒருவன் நம்மை வேவு பார்க்கிறான் என்று தெரியாமல் அவனுக்குக் கும்பிடு போட்ட வண்டி உலகத்திலேயே எங்கள் வண்டியாகத்தான் இருக்கும்.

அக்கா மட்டும் கைப்பேசி தன் பக்கம் வரும்போது உள்ளங்கையை விரித்துக் கேமராவை மூடிவிடுவார்.

“என்னக்கா, போட்டோவுக்குக் கூச்சமா?” என்று நிவேதா சிரிப்பாள்.

“இது எத்தனாவது எபிசோடுடி?”

“போங்கக்கா. அவருக்கு எம்மேல உசுரு.”

“கோட்டுக்காரனுக்கும் உசுருதான்.”

அந்த வியாழக்கிழமை, வண்டி கீரனூரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சன்னல்களை மூடிவிட்டார்கள். கூட்டம் நெருக்கியது. நிவேதாவுக்குப் பக்கத்தில் கழுத்தில் டை கட்டிய ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கம்பியைப் பிடித்து நின்றார். ஒழுகும் கூரையைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். சரியாக அப்போது அழைப்பு வந்தது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரு அந்த டை?”

“யாருன்னு தெரியாதுங்க. நிக்கிறாங்க. கூட்டம்.”

“தெரியாதவன்கிட்ட என்ன சிரிப்பு? மாத்தூர்ல எறங்கி நில்லு. நான் வாரேன்.”

“வேலைக்கு லேட்டாயிரும்ங்க…”

“எறங்குன்னேன்ல.”

வண்டி முழுக்கக் கேட்டது. டை கட்டியவர் பாவம், எதற்கு என்றே தெரியாமல் ‘சாரி’ சொல்லிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். கையசைக்கத் தயாராக இருந்த பெரியவர் சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிவேதா பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போது கேட்டது அந்தக் குரல். கதைகளுக்கு எழும் அதே குரல், அதே சுருதி.

“அய்யய்யோ! எறங்காதடி!”

வண்டி சிரித்துவிட்டது. பழக்க தோஷம். கண்டக்டர் டிக்கெட் பையைத் தட்டியபடி, “அக்கா, இது நம்ம கதை இல்லக்கா” என்றார்.

“இதுதான் தம்பி நம்ம கதை. விசில் ஊதாத. மாத்தூர்ல நிப்பாட்டாத.”

“ஸ்டாப்புல நிப்பாட்டாம எப்படிக்கா?”

ஸ்டெல்லா டீச்சர் அக்காவின் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். “கல்யாணம் ஆகப்போற பொண்ணு. மாப்பிள்ளைக்கு அக்கறை இருக்காதா? ஒங்களுக்கு வாச்சது அப்படின்னா எல்லாருக்கும் அப்படியா?”

அக்கா டீச்சரின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நிவேதாவின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, சும்மா இருங்களேன். எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் நிவேதா.

“பாக்கட்டும். அதுக்குத்தான டிக்கெட் எடுத்துருக்காங்க. நீ உக்காருடி.”

“ஒங்களுக்குக் கதை படிச்சுப் படிச்சு எதப் பாத்தாலும் அப்படியே தெரியுது. என்னைய விடுங்க.”

மாத்தூரில் வண்டி நின்றது. நிவேதா இறங்கினாள். குடை கொண்டுவரவில்லை. அவள் பின்னாலேயே, சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குடையைப் பல்லால் கடித்து விரித்தபடி அய்யய்யோ அக்காவும் இறங்கிவிட்டார். கடைக்குத் தாமதமானால் மேலாளர் வாசலிலேயே நிறுத்தி வைப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசில் கேட்டது. பின் கண்ணாடியில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் தெரிந்தார்கள். நிவேதா குடையை விட்டு விலகி விலகிப் போனாள். குடை அவள் பின்னாலேயே போனது.

“நம்ம அக்கா கதைக்குள்ளயே எறங்கிருச்சு” என்றார் யாரோ. மறுபடியும் சிரிப்பு. மழையில் திருச்சி வரை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

மாலை வண்டியில் அக்கா ஏறினார். சேலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. கைப்பேசியை எடுக்கவில்லை. நான் முன்னால் குனிந்து, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வந்தாண்ணே. கண்ணாடிய எறக்கினான். என்னையப் பாத்து, ‘நீதானா அந்தக் கை?’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கை மட்டும் இல்ல, முழு ஆளும் இருக்கேன் பாத்துக்கன்னேன். அவ ஏறி உக்காந்துட்டா. சீட் பெல்ட்ட அவனே குனிஞ்சு மாட்டி விட்டான். மாட்டுறப்ப அவ மூச்சப் புடிச்சுக்கிட்டாண்ணே. அத நான் பாத்தேன்.”

வண்டி விமான நிலையத்தைத் தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“கதையில இருக்கவளுக்கு நான் கத்துறது கேக்காது. அதனாலதான் அத்தன சத்தமாக் கத்துவேன். இவளுக்குக் கேட்டுச்சுண்ணே. கேட்டும் ஏறிட்டா.”

கீரனூர் வந்ததும் இறங்கி, வீட்டுக்குப் போய், நாட்குறிப்பில் ‘மழை. வண்டி தாமதம்’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. இந்த வாரம்தான் மீதியை எழுத வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வண்டியில் ஏறியதும் முதலில் பார்த்தது, ஸ்டெல்லா டீச்சர் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்திருந்ததைத்தான். காலியான இருக்கையில் அய்யய்யோ அக்கா தன் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நெசமாச் சொல்றேன், அந்தப் பொண்ணு இனிமே வராது. வேலைய விடச் சொல்லிட்டாங்களாம். அவங்கப்பாவே காலையில டீக்கடையில வச்சுச் சொன்னாரு.”

“வருவா தம்பி. இன்னிக்கு இல்லாட்டி என்னிக்காச்சும் வருவா. வந்தா உக்கார எடம் வேணுமா வேண்டாமா?”

கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் போனார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைக் கையில் வைத்திருந்தார். திரை இருட்டாகவே இருந்தது. பெரிய மூட்டையோடு ஏறிய ஒருவர் அந்த இருக்கை அருகில் நின்று, “பையி யாரோடதுங்க? எடுத்தீங்கன்னா உக்காருவேன்” என்றார். அக்காவுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. நான் எட்டி, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்:

“ஆள் வருதுங்க.”