ஒற்றை ஓட்டு

"ஸ்டிக்கர் எங்க?" என்று கேட்டாள் மனைவி மார்லின்.

லெஸ்டர் நோவாக் குனிந்து சட்டையைப் பார்த்தார். ஓட்டுப் போட்டு வருகிறவர்கள் எல்லோரும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சின்ன வட்டம் அங்கே இல்லை. இருக்க நியாயமும் இல்லை. கிடங்கு வேலை முடிந்து நேரே ஓட்டுச்சாவடிக்குத்தான் போனார். வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நீண்டிருந்தது; நவம்பர் குளிர் வேறு. கொஞ்சம் குறையட்டும் என்று காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சாய்ந்தார். கண் விழித்தபோது பள்ளிக்கூடக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காத்துல பறந்துடுச்சு."

"யாருக்குப் போட்ட?"

பொய் என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்? "உன் பேங்க்ஸ் அம்மாவுக்குத்தான்."

மார்லின் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊரான எல்டன் கிரோவ் வெறும் சோளக்காடாக இருந்த காலத்திலிருந்தே அந்தத் தொகுதி ஒரே கட்சியின் கையில். நெடுஞ்சாலை வந்தது. சோளம் போய் வீடுகள் முளைத்தன. நகரத்திலிருந்து எல்லா நிறத்து மனிதர்களும் குடிவந்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை தொகுதியின் எல்லையை மாற்றி வரைவார்கள். ஒரு தடவை அது வரைபடத்தில் வாத்து மாதிரி இருந்தது, அடுத்த தடவை கிழிந்த காலுறை மாதிரி. எப்படி வரைந்தாலும் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் ஹாலோவே பெரியவர்தான். இந்தமுறை அவரை எதிர்த்து நின்றவர் கோரா பேங்க்ஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருக்காகக் கோடை முழுக்கக் கதவு கதவாகத் தட்டியவள் மார்லின்.

ஒரு பொய், ஒரு அணைப்பு, அதோடு முடிந்தது என்று லெஸ்டர் நினைத்தார். விடிந்து பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறையச் சமம். ஓட்டுகளைக் கையால் மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. மார்லின் அவரையும் இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகக் கூடத்துக்குப் போனாள்.

லெஸ்டர் அப்படி ஓர் அமைதியைத் தேவாலயத்தில்கூடப் பார்த்ததில்லை. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு கட்சிக்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் இருமவில்லை. அந்தப் பக்கம் மேஜைகளில் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இரு தரப்புக்கும் காட்டிவிட்டு வைத்தார்கள். ஒன்றில் காபிக் கறை. இன்னொன்றில் பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தைப் பேனாவால் நிரப்பிய கை நடுங்கியிருந்தது. யாரோ ஒரு கிழவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று நிரப்பியிருப்பார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், ஒரு மணி நேரச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், எல்லோரும் அந்தக் குவியலில் இருந்தார்கள். ஊரே இருந்தது. லெஸ்டர் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் அறிவித்தார்கள். கோரா பேங்க்ஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தார்.

மூன்று லட்சம் பேர் போட்ட ஓட்டில் ஒன்று. மார்லின் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"லெஸ்டர், அது நீதான்."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். உள்ளூர் வானொலியில் அவர் பெயரை இரண்டுமுறை சொன்னார்கள். ஆனால் பௌலிங் கூடத்தில், வாரம் தவறாமல் அவரோடு பந்து உருட்டும் ஹாலோவே ஆட்கள், அவருக்கு இடம் விடாமல் உட்கார்ந்துகொண்டார்கள். அதைத் தாங்க முடியாமல் பழைய சிநேகிதன் ராயைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் சும்மா சொன்னேன், போட்டது ஹாலோவேக்குத்தான் என்றார்.

ராய் யோசித்தான். "அப்போ உன் ஓட்டை எண்ணாம விட்டுட்டாங்கடா."

மறுநாள் ஹாலோவே தரப்பு வக்கீல் போன் செய்தார். நீதிமன்றத்துக்கு வந்து சத்தியம் செய்து இதைச் சொல்ல முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வியர்த்துப்போன லெஸ்டர், அவசரத்தில் இரண்டு வட்டத்தையும் நிரப்பித் தொலைத்துவிட்டேன், அது செல்லாத ஓட்டு என்று சொல்லித் தப்பித்தார். வக்கீல் அதை ராயிடம் சொல்ல, ராய் பௌலிங் கூடத்துக்கே சொன்னான்.

"எங்கப்பன் காலத்துத் தொகுதிடா. ஒரு வட்டம் நிரப்பத் தெரியாம கோட்டை விட்டியே" என்று அங்கே ஒருவன் திட்டினான்.

ஓட்டே போடாத மனிதருக்கு ஊரில் இப்போது மூன்று ஓட்டு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் கார் நின்றது. கோரா பேங்க்ஸ் இறங்கினார். கூடவே அவர் கணவர் மில்டன், பருத்த, சாவகாசமான மனிதர். மார்லின் பதறிப்போய் எதிர்வீட்டு ஆப்பிள் பையை வெட்டி வைத்தாள். மில்டன் உடனே அதில் இறங்கிவிட்டார்.

கோரா லெஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் நோவாக், ஒரு ஓட்டு உலகத்தையே மாத்தும்னு வருஷக்கணக்கா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாடத்துல இருக்குன்னு சொன்னேனே தவிர, நானே நம்பினதில்ல. அந்தக் கூடத்துல நின்னப்பதான் நம்பினேன். இப்ப அந்த ஓட்டுப் போட்ட கையைத் தொட்டுட்டேன்."

அவர் விரல்கள் நடுங்குவது லெஸ்டருக்குத் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்த அந்த நடுங்கிய வட்டம் ஞாபகம் வந்தது. பிறகு அவரால் முடியவில்லை. குளிர், வரிசை, ஹீட்டர், பூட்டிய கதவு, மனைவிக்கு ஒன்று, ராய்க்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று என்று சொன்னது எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே கொட்டினார்.

"நான் ஓட்டே போடலம்மா. தூங்கிட்டேன். நீங்க நன்றி சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல."

மார்லின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோரா மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டார். பரவாயில்லை, உண்மையைச் சொன்னீர்களே என்று மிகவும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு எழுந்தார்.

மில்டன் எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்த துண்டை விழுங்கிவிட்டுக் கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அன்னிக்கு முழிச்சிருந்தா யாருக்குப் போட்டிருப்பீங்க?"

லெஸ்டர் மனைவியைப் பார்த்தார். இனி மறைக்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

"ஹாலோவேக்குத்தான். எப்பவும் அவருக்குத்தான் போடறது."

மில்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோரா, சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கிடாத. இந்த மனுஷன் தூங்கலேன்னா நீ ஜெயிச்சிருக்கவே மாட்ட."