ராகுகாலத்துக்கு முன்பே அழித்தாயிற்று

ஒழுங்கானவர்கள் செய்யும் சேதத்துக்கு ஒழுங்கற்றவர்களால் ஒருநாளும் ஈடுகொடுக்க முடியாது. அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சீப்புக்குக்கூடத் தனி இடம் உண்டு. இடம் மாற்றி வைத்தவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஊரெல்லாம் எக்ஸ்பிக்கு மாறியிருக்க, எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் நாங்கள் மட்டும் விண்டோஸ் 98-லேயே இருந்தது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. மகள் மைதிலி அப்போது எம்.எஸ்சி. தாவரவியல். விதுரா பக்கத்துக் காடுகளில் அட்டைக்கடி வாங்கிச் சேகரித்த பெரணிகளைப் பற்றிய ஆய்வேடு கம்ப்யூட்டரில் இருந்தது. அதை முடித்துக் கொடுத்தால் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"எக்ஸ்பி போட்டா சி டிரைவ் மட்டுந்தான் அழியும் அப்பா. என்னோடது டி-ல இருக்கு. அதைத் தொடாதீங்கோ, கேட்டோ!" என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி சிபியூவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

"ஏன்னா, ராகுகாலம் வரப் போறது. ஆரம்பிக்கறதானா இப்பவே ஆரம்பிங்கோ."

"சித்த இரு. எல்லாத்தையும் ஒருதரம் பார்த்துடறேன்."

"நீங்க பார்த்துண்டே இருங்கோ, ராகுகாலம் வந்து பக்கத்துல உக்காந்துக்கும்."

எதையும் இருமுறை சரிபார்க்கும் நான் அன்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. நல்ல நேரம் முடிவதற்குள் பட்டனை அழுத்தினேன்.

ஒருவழியாகப் பச்சைக் குன்றும் நீல வானமும் திரையில் வந்தன. "பொன்முடி மலை மாதிரின்னா இருக்கு!" என்றாள் மனைவி. (நானே கட்டிய குன்றுபோலத் தலையாட்டினேன்.)

மைதிலி வந்து டி டிரைவைத் திறந்தாள்.

"அப்பா, என் ஃபோல்டர் எவிடே?"

"அது ஏன்டி அங்கே அனாதையா கிடக்கணும்? போன வாரமே பேர் போட்டு, மை டாக்குமெண்ட்ஸ்ல அழகா எடுத்து வச்சுட்டேனே!"

"அது சி-லயல்லே அப்பா!"

மனைவி மெதுவாக, "நல்ல நேரத்துலதானே ஆரம்பிச்சோம்?" என்றாள்.

"கையால எழுதின ரஃப் பேப்பர் இருக்குமோல்லியோ?" என்று அவளே கேட்டாள்.

டைப் செய்து முடித்தபின் அந்தத் தாள்கள் மேஜையில் எதற்கு என்று, பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தேன். சொன்னேன்.

மைதிலி அழவில்லை. "அதையும் ஒழுங்கா கட்டித்தானே கொடுத்தேள்?" என்றாள்.

கட்டித்தான் கொடுத்திருந்தேன். சணலில்.

சாலைக் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குச் சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மேலே புதுசு எழுதியாச்சே சாரே, இனி கிட்டாது" என்று கைவிரித்துவிட்டார்கள். மைதிலி மறுபடி காட்டுக்குப் போனாள். மறுவருஷம்தான் ஆய்வேட்டைக் கொடுத்தாள். அதற்குள் பெங்களூர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வங்கித் தேர்வு எழுதினாள். இப்போது கொல்லத்தில் ஒரு வங்கியில் வேலை.

எங்கள் குடும்பத்தில் யாருடைய மூக்குக்கண்ணாடி காணாமல் போனாலும், "அப்பா ஒழுங்கா எடுத்து வச்சிருப்பார், இனி தேடாதீங்கோ!" என்று மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீடுகளில் என் குரலிலேயே முழுக்கதையும் நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். மைதிலியும் சிரிப்பாள். நானும்தான். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.