குடையைக் கழுவுகிறவர்கள்

"அந்தக் குடையைக் கழுவி வெச்சுட்டுப் போங்களேன். பாருங்க, எவ்வளவு சேறு!"

குடையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு அவர் டாக்சிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

"அடுத்த மழை வந்தா அதுவே கழுவிக்கும். இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வழக்கே இருக்கு, தெரியுமா? 'வாஷிங் தி அம்ப்ரெல்லா'. வெட்டி வேலைன்னு அர்த்தம்."

"உங்க சோம்பேறித்தனத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல ஒரு வழக்கு இருக்குமே!"

"பெரிய மொழியில்லையா?" என்று சிரித்தார். ஏர்போர்ட் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று படி இறங்கி ஓடினார்.

மதியம் டாக்சி ஸ்டாண்டில், ஸ்டியரிங்மேல் தலை வைத்துத் தூங்குகிறார் என்றுதான் மற்ற டிரைவர்கள் நினைத்தார்களாம்.

சில மாதங்கள் கழித்து அவள் மறுபடி வேலைக்குப் போனபோது ஆபீசில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அது ஒரு குழாய் கம்பெனி. சுவர் முழுக்கத் தண்ணீரே வராத சாம்பிள் குழாய்கள். ஒழுகுகிறது, இறுகிப்போனது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்று வருகிற புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவள் வேலை.

அந்த ஆங்கிலத்தில் பாதி அவர் கொடுத்தது. பின் சீட்டில் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டே கற்றவர். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலை, 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்பு சரியில்லை என்று தினம் ஒன்று கொண்டுவருவார். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்தால், வாசலில் டாக்சியைச் சுற்றி ஆபீசே நின்று அர்த்தம் கேட்கும்.

அன்றைய மீட்டிங்கில் மேனேஜர் ஒரு புதுத் திட்டம் சொன்னார். ஒவ்வொரு புகாரையும் நீல ஃபைலில் ஒரு தடவை, சிவப்பு ஃபைலில் ஒரு தடவை எழுத வேண்டும். பிறகு இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இது வாஷிங் தி அம்ப்ரெல்லா."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கரெக்ட். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று தன் திட்டத்தைத் தானே கைவிட்டார்.

வெளியே வந்ததும் கணக்கர் அவளை ஓரமாக அழைத்தார். "அக்கா, எனக்கு அர்த்தம் தெரியும். இருந்தாலும் நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். அதற்குப் பிறகு ஆபீசில் யாருமே வெட்டி வேலை செய்யவில்லை. எல்லோரும் குடையைத்தான் கழுவினார்கள். மேனேஜர் உற்சாகம் தாங்காமல் வெளிநாட்டிலிருந்த தலைமை ஆபீசுக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் செருகினார். பதில் வந்தது: 'அடுத்த மாதம் நேரில் வருகிறேன். குடையைப் பற்றிப் பேச ஆவலாக இருக்கிறேன்.'

"போன வருஷம் வந்தாரே, அதே ஆள்" என்றார் மேனேஜர். அவர் முகம் வெளிறியிருந்தது. "ஆவலா இருக்காராம். இங்கிலீஷ்காரர் ஆவலா இருக்கேன்னா அது சந்தோஷமா, கோபமா?"

"பாதிப் பாதி சார்" என்றார் கணக்கர்.

அவள் போனில் தேடிப் பார்த்தாள். குடையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தச் சொன்னது. அவ்வளவுதான். வேறு அர்த்தமே இல்லை.

பயந்துபோய் அவர் சொல்லித் தந்த மற்றதையெல்லாம் தேடினாள். 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது என்பார். வாளியை உதைத்தால் சாவா? அது அவர் விட்ட கதை என்று அவள் சத்தியமே செய்திருப்பாள். இருந்தது. பூனையும் நாயுமாக மழை கொட்டுவதும் இருந்தது. குடை மட்டும் இல்லை. நாயும் பூனையும் வானத்திலிருந்து விழலாமாம், ஒரு குடையைக் கழுவக் கூடாதாமா? எந்த ஊர் நியாயம் இது?

ஒரே ஒரு தடவை விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். அந்த ஒன்றைப் போய்ச் சபையில் வைத்துவிட்டாள். வருகிறவர், 'இப்படி ஒன்று கிடையாதே' என்று சிரித்தால், டாக்சியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். 'அண்ணன் இத்தனை நாள் நம்ம காதுல பூ சுத்தியிருக்கார்' என்பார்கள். உயிரோடு இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். இப்போது யார் சமாளிப்பது?

மறுநாள் மேனேஜரிடம் போனாள். "சார், அதை அவ்வளவா யாரும் சொல்றதில்ல. விட்டுடலாம்."

"ஓஹோ! பெரிய இடத்து இங்கிலீஷா?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று போன எல்லாக் கடிதங்களிலும் குடை இருந்தது.

இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். "ரொம்பப் பழசு சார். இப்ப சொன்னா சிரிப்பாங்க."

"பழசுக்குத்தான் மேடம் மதிப்பு!"

இரண்டு மொழிகளிலும் போர்டு எழுதி வந்துவிட்டது. 'குடையைக் கழுவாதீர்.' மாட்ட ஆணி இருந்த ஒரே இடம் கை கழுவும் தொட்டிக்கு மேல். அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்ட வாட்ச்மேன், அங்கே தன் குடையை அலசிக்கொண்டிருந்த கணக்கரைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?"

"யோவ், இது நிஜக் குடைய்யா!"

"அதைத்தானே கழுவக் கூடாதுன்னு போட்டிருக்கு?"

விருந்தாளி வருவதற்கு முந்தின சாயங்காலம் அவள் போர்டைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவு செய்த மேனேஜர், விடிவதற்குள் அதைவிடப் பெரிதாக ஒன்று எழுதவைத்து வாசலிலேயே மாட்டிவிட்டார்.

காலையில் நல்ல மழை. தலைமை ஆபீஸ்காரர் சொட்டச் சொட்ட வந்து, குடையை மடக்கி, போர்டை நிமிர்ந்து பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மேனேஜர் பூரித்துப்போனார். "உங்க மொழி வழக்கு சார்! இங்கே எல்லார் வாயிலும் அதுதான்!"

"எங்களுடையதா?" என்று அவர் சிரிப்பை நிறுத்தினார். "எங்கள் மொழியில் இப்படி ஒன்று கிடையாதே."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கணக்கர் குழம்பிப்போய்த் தொடங்கினார். "அக்கா, அப்ப அண்ணன்..."

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று அவள் குறுக்கிட்டாள். வந்தவருக்கும் புரியட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். "என் கணவர் சொல்லித் தந்த இங்கிலீஷ் எல்லாம் சரியான இங்கிலீஷ். இது ஒண்ணு மட்டும் நானாக் கட்டிவிட்டது."

வந்தவர் அவளை வியப்போடு பார்த்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார்:

"நீங்களாகக் கட்டியதா? போன தடவை என்னை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட டாக்சிக்காரர், இது உங்கள் மொழியில் இருக்கிற வழக்கு, அன்று காலையில்கூடத் தன் மனைவி சொன்னாள் என்றாரே! எங்கள் தலைமை ஆபீசே இப்போது அப்படித்தான் பேசுகிறது."

கதவுக்குப் பின்னால் அந்தக் குடை இன்னும் இருக்கிறது, சேற்றோடு.