மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் போட்டுக்கொண்ட சூடு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். என் இடது கன்னம் மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். போனில் என்றால் பாதியிலேயே "சிக்னல் கிடைக்கல மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள்.

பன்னிரண்டு குழந்தைப் புத்தகங்களுக்கு ஓவியர் தேடும் அந்தப் பதிப்பாசிரியர் அம்மா, என் படங்களோடு என் போட்டோ ஒன்றையும் கேட்டார் அல்லவா? பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததை அனுப்பியிருப்பேன். அதில் நான் திருடி அகப்பட்டவன் மாதிரி இருப்பேன், ஆனாலும் அது நான்தான். நீங்கள்தான் குறுக்கே விழுந்து, "இது பர்சனல் பிராண்டிங் காலம் மச்சான். மூஞ்சியப் பாத்தாலே ஆர்ட்டிஸ்ட்னு தெரியணும்" என்றீர்கள். முப்பது வருஷமாகப் பூனையும் கரடியும் வரைகிறேன், எந்தக் குழந்தையும் என் மூஞ்சியைக் கேட்டதில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க எனக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்ற பயத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அகராதியில் பிராண்டிங் என்றால் என்னவென்று பார்த்தேன். 'மாட்டுக்குச் சூடு போடுதல்' என்று இருந்தது. அப்போதாவது விழித்துக்கொண்டேனா? இல்லை, சட்டையை இஸ்திரி போட்டேன்.

உங்கள் சிநேகிதரான அந்தப் போட்டோகிராபர் முதலில் அந்தச் சட்டையைத்தான் கழற்றச் சொன்னார். கலைஞர்கள் கறுப்புதான் போடுவார்களாம். அவருடைய கறுப்பு பனியன் ஒன்றுக்குள் என்னைத் திணித்து, "சார், உங்க கதை என்ன?" என்றார். "நான் கதை எழுதுறவன் இல்லப்பா, கதைக்குப் படம் போடுறவன்" என்றேன். "அதான் சார், உங்க கதை" என்றார். இதிலேயே கால்மணி நேரம் போயிற்று. நான் கொண்டுபோயிருந்த கட்டைப் பென்சிலையும் காது உடைந்த தண்ணீர்க் குவளையையும் ஓரங்கட்டிவிட்டு, பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றாத புதுத் தூரிகையைக் கையில் கொடுத்தார். என் மூக்குக்கண்ணாடியில் விளக்கு அடிக்கிறது என்று சில்லைக் கழற்றிவிட்டு வெறும் பிரேமை மாட்டினார். எதிரே இருப்பது மனிதரா மேசையா என்று தெரியாத நிலையில், "கேமராவப் பாக்காதீங்க சார், எதிர்காலத்தப் பாருங்க" என்று உத்தரவு. "அது எந்தப் பக்கம்பா இருக்கு?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கமாம். அங்கே யாரோ மிதியடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்காலத்தில் ஒரே தூசி.

அதோடு விட்டாரா? "ஆர்ட்டிஸ்ட் மாதிரியே இல்ல சார், ரொம்பச் சுத்தமா இருக்கீங்க" என்று கன்னத்தில் மூன்று கோடு பச்சைப் பெயிண்டை இழுத்துவிட்டார். மாப்பிள்ளை, முப்பது வருஷத்தில் என் சட்டைக் கையில்கூடச் சாயம் பட்டதில்லை! அது ஏதோ ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்ட். சோப்புக்குப் போகவில்லை, எண்ணெய்க்குப் போகவில்லை. கடைசியில் தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தார். பச்சை கொஞ்சம் போனது, தோல் நிறையப் போனது. நான் வலியில், "யோவ், கைய எடுய்யா!" என்று கத்திய நேரம் பார்த்து, "இதான் சார் நேச்சுரல்!" என்று அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா கதவைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிச்சுன்னு சொல்லக் கேட்டிருக்கேன். இப்பத்தான் நேர்ல பாக்குறேன்" என்றாள். இருபது வருஷத்தில் அவள் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவ்வளவு பொருத்தம்.

படங்கள் வந்தன. எதிலும் நான் இல்லை. யாரோ ஒருவன் கறுப்பு பனியனோடு பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவையே உறையில் வைத்து, ஒட்டி அனுப்பும்படி உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வேலை கிடைத்தால் என் பூனைகளுக்காகக் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு. எனக்கு விழுந்துவிட்டது. இனி பிராண்டு, கிராண்டு என்று என் வாசல்படி ஏறாதீர்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கன்னம் ஆறியதும் தருகிறேன்.

இப்படிக்கு,
சூடுபட்ட மச்சான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மறந்து நாலு நாளாயிற்று. நல்லதாகப் போயிற்று. உங்கள் அக்கா உறையில் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துவிட்டு, நான் கத்துகிற படத்தை வைத்து அனுப்பியிருக்கிறாள். இன்று அந்தப் பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார். "மீசை மாதிரி கோடு போட்டுக்கிட்டு அப்படியே பூனையாட்டம் சீறுறீங்களே சார்! பன்னிரண்டு புத்தகமும் உங்களுக்குத்தான். வியாழக்கிழமை எங்க ஆபீசுக்குக் கதை கேக்கப் பிள்ளைங்க வருவாங்க, அதே கோட்டோட வாங்க" என்றார். கோடு அநேகமாக அழிந்துவிட்டது. அது எந்தக் கம்பெனி பெயிண்ட் என்று உங்கள் சிநேகிதரிடம் கேட்டு உடனே தெரிவிக்கவும். போனிலேயே சொல்லலாம், சிக்னல் நன்றாகவே இருக்கிறது.